மச்சான் சொல்லிக்காட்டிய மீன்

லோஷ் மீனைப் பிடித்தால் எப்ராயிம் முதலில் அதன் வயிற்றைத்தான் தடவிப் பார்ப்பான். அது அப்படியொன்றும் பார்க்க லட்சணமான மீன் இல்லை. விலாங்குக்குத் தவளைத் தலையை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். தாடையில் ஒற்றை மீசை வேறு. பள்ளிக்கூடத்துக்கு வருகிற வெளியூர் வாத்தியார்கள் தூண்டிலில் அதைக் கண்டால் கயிற்றையே அறுத்து விட்டுவிடுவார்கள். ஆனால் அதன் வயிற்றுக்குள் இருக்கிற ஈரல் இருக்கிறதே, வெண்ணெய்க் கட்டிதான். வேகவைத்து மசித்து, பனி விழுவதற்கு முன் பறித்து வைத்த சிவப்புப் புளிப்புப் பழத்தைப் போட்டுக் கிண்டினால், பல் போனவர்களும் இன்னொரு கரண்டி கேட்பார்கள்.

அந்த ஈரலைக் கொடுத்துத்தான் எப்ராயிம் தன் மகளை ஆளாக்கினான். அவன் மனைவி ஆக்னஸ் மேலாற்றுக்காரி, அந்த வீட்டில் ஏழு பெண்களுக்குப் பிறகு பிறந்த எட்டாவது பெண். மகள் லிடியாவுக்குப் பல் முளைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அந்த வருஷம் ஆறு சீக்கிரமே உறைந்துவிட்டது. டின் பால் ஏற்றிவந்த படகு பாதி வழியில் ஐஸில் மாட்டிக்கொண்டது. பிள்ளையோ கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது. எப்ராயிமின் அக்கா பெர்சிஸ், நெடிய ஏரியில் வாழ்க்கைப்பட்டவள், நாய்வண்டியில் ஓடி வந்தாள். லோஷ் ஈரலைக் கரைத்துத் துணியில் வடிகட்டி, விரலால் தொட்டுத் தொட்டு நாக்கில் தடவ அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க எப்ராயிமின் விரலெல்லாம் மீன்நெய் வாடைதான். பிள்ளை பிழைத்தது மட்டுமில்லை, வசந்தத்தில் பார்க்க வந்தவர்கள் இது யார் வீட்டுக் கரடிக்குட்டி என்று கேட்டார்கள்.

பிறகு இரண்டு பேர் பெண் கொடுக்க வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பொறி வைத்தான், விறகு வெட்டினான், கோடையில் காட்டுத்தீ அணைக்கிற கூட்டத்தோடு போய்க் கூலி வாங்கினான். ஆனால் ஊரில் யாராவது கேட்டால், தான் லோஷ்காரன் என்றுதான் சொல்வான். அவன் தூண்டில் போடுவது வாத்து ஏரியில். வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டால் அக்கரையில் காதில் விழும், அவ்வளவுதான் அந்த ஏரி.

அந்த ஏரியைத்தான் அவன் மச்சான் கோர்னி குட்டை என்பான். பெர்சிஸின் புருஷன் அவன். அவர்களுடைய நெடிய ஏரி மலையிடுக்கில் கிடக்கிறது. நீளத்துக்கு முடிவு தெரியாது, ஆழத்துக்கு அடி தெரியாது. பனிவண்டியில் விடியற்காலம் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம். மச்சான் மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கம் ஒருத்தன் மானத்தை ஒருத்தன் வாங்காமல் சாப்பாடு இறங்காது. கோர்னி வந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவான். இந்தக் குட்டையில் மீன் பிடிக்கத் தூண்டில் எதற்கு, டீக்கரண்டி போதுமே என்பான். உங்கள் ஏரி மீனுக்கு உங்களை மாதிரியே வாய் மட்டும்தான் பெரிசு என்பான் எப்ராயிம். பெர்சிஸ் இருவரையும் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுப்பில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருப்பாள்.

கோர்னி வெறுங்கையோடு வந்ததே கிடையாது. ஆனால் கொண்டுவந்த மீனை நடுவீட்டில் கொண்டுவந்து வைக்க மாட்டான். எங்கள் வழக்கம் அப்படி. வீட்டுக்குப் பின்னால் நாயும் நரியும் எட்டாத உயரத்தில் பரண் இருக்கும். உறைந்த மீன் விறகுக்கட்டை மாதிரி அதில் அடுக்கிக் கிடக்கும். வந்தவன் சத்தமில்லாமல் போய்த் தன் மீனையும் அதோடு சேர்த்து வைத்துவிட்டு வருவான். வைத்த பிறகு அது அந்த வீட்டுக்காரனுடையது. இது நான் கொண்டுவந்தது என்று கொடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாது. வாங்கினவனும் தனியாக ஒதுக்கி வைக்கக் கூடாது. ஒதுக்கினால் திருப்பிக் கொடுக்கப் போகிறான் என்று அர்த்தம். கோர்னியின் பெரியப்பா ஒருவர் கோபத்தில், சம்பந்திக்குக் கொடுத்த ஒரு கரிபு மான் தொடையைச் சொல்லிக்காட்டிவிட்டார். அந்த இரண்டு குடும்பமும், பிள்ளைகள் தலைநரைக்கிற வரைக்கும் ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்கவில்லை.

இப்படியிருக்கும்போது ஒரு குளிர்காலம் ஹில்டா என்கிற பெண் விமானத்தில் வந்து இறங்கினாள். வடக்கே இருக்கிற ஏரிகளிலெல்லாம் மீனை வாங்கிக்கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. நல்ல பெண். யார் வீட்டில் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாள், தட்டைத் தானே கழுவுவாள். லோஷ் ஈரல்தான் முக்கியமாக வேண்டும் என்று கேட்டதால் ஊரில் அவளுக்கு ஈரல்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது. வாத்து ஏரி மீனுக்கு எப்ராயிமைத்தான் எல்லோரும் கைகாட்டினார்கள்.

எப்ராயிமுக்கு ஒரே பெருமை. பரண்மேல் ஏறி, இருப்பதில் நல்லதாகப் பொறுக்கிக் கீழே போட்டான். விருந்தாளிக்குச் சின்ன மீனையா கொடுப்பான்? நீளமானவையாகப் பார்த்துக் கொடுத்தான். அவை போதாமல்தான் நடுத்தரமானவற்றில் கைவைத்தான். ஹில்டா கீழே நின்று ஒவ்வொன்றாக வாங்கிப் பையில் போட்டாள்.

“எல்லாம் நீங்க பிடிச்ச மீன்தானே?” என்று கேட்டாள்.

“என் பரண்ல கெடந்தா என் மீன்தான்” என்றான் எப்ராயிம்.

அவன் பொய் சொல்லவில்லை. வேறு எப்படிச் சொல்லவும் அவனுக்குத் தெரியாது. போன வாரம்தான் கோர்னி வந்துவிட்டுப் போயிருந்தான்.

அப்போது லிடியா மாசமாக இருந்தாள். அவள் புருஷன் தெற்கே சுரங்கத்தில் மாதக்கணக்கில் வேலைக்குப் போகிறவன். அதனால் அப்பன் வீட்டில்தான் இருந்தாள். எப்ராயிம் தினமும் ஏரிக்குப் போவான். வந்ததும் சட்டி வைப்பான். ஆற்றில் ஐஸ் உடைந்து போகிற சமயத்தில் ஆண் பிள்ளை பிறந்தது, நல்ல கனம். அடுத்த குளிர் வந்ததும் பால் கொடுக்கிறவளுக்கு வேண்டுமே என்று மறுபடியும் ஈரல் சட்டி அடுப்பில் ஏறியது. இந்த வீட்டு ஆட்கள் லோஷ் ஈரலால் செய்தவர்கள் என்று லிடியாவே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

அந்தச் சமயத்தில்தான் ஹில்டா திரும்பி வந்தாள். சோதனை முடிவை முதலில் எப்ராயிம் வீட்டில் சொல்ல வேண்டும் என்று நினைத்து நேரே அங்கே வந்தாள். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் வைத்தாள். பழைய காலத்தில் தெற்கே, சூடான தேசத்தில், பருத்திக் காட்டுக்கு ஒரு பூச்சிமருந்து அடித்தார்களாம். அதை நிறுத்தி வருஷக்கணக்கு ஆகிவிட்டது. ஆனால் அது லேசில் அழியாதாம். வெயிலில் ஆவியாகிக் காற்றில் ஏறி, குளிர்ந்த இடம் வந்ததும் பனியோடு பனியாக இறங்கிவிடுமாம். தண்ணீரில் கரையாமல் கொழுப்பில் போய் உட்காரும். சின்னதைப் பெரியது தின்னத் தின்னச் சேர்ந்துகொண்டே போகும். லோஷுக்குக் கொழுப்பெல்லாம் ஈரலில்தான்.

“உங்க மீன்ல சின்னதுல ஒண்ணுமே இல்ல. கை நீளத்துக்கு இருந்ததுல நெறைய இருக்கு. ஒரே ஏரியில ஏன் இவ்வளவு வித்தியாசம்னு எனக்கே இன்னும் வெளங்கல. வெளங்குற வரைக்கும் மாசமா இருக்கறவங்க, பால் கொடுக்கறவங்க, சின்னப் பிள்ளைங்க யாரும் ஈரல் சாப்பிட வேணாம். சதைக்கு ஒண்ணும் இல்ல, தாராளமா சாப்பிடலாம்” என்றாள் ஹில்டா. பிறகு லிடியாவைப் பார்த்து, பாலை மட்டும் நிறுத்தாதே, தாய்ப்பாலுக்கு மேல் எதுவும் இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாள்.

அந்த இரண்டு தடவையும் லிடியாவின் காதில் ஏறவில்லை. அவள் எழுந்து போய் அடுப்பிலிருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நாய்களுக்கும் போடவில்லை, பனியைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள்.

பருத்தி என்றால் சட்டைத்துணி என்பதற்குமேல் எப்ராயிமுக்கு ஒன்றும் தெரியாது. எவனோ எங்கேயோ அடித்த விஷம், தன் கைவிரல் வழியாகத் தன் மகள் வாயில் போயிருக்கிறது. முதலில் மகள், இப்போது அவள் பிள்ளை.

லிடியா அன்றைக்கே பாலை நிறுத்தினாள். நர்ஸ் வந்து கெஞ்சிப் பார்த்தாள், கேட்கவில்லை. டின் பாலைக் கரைத்துப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்தப் பக்கம் அது அலற, அந்தப் பக்கம் இவள் பால் கட்டிக்கொண்ட வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, பீச்சிப் பீச்சிக் கொட்டினாள். அப்பனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எப்ராயிமுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் ஏரிக்குப் போய்த் தூண்டில்களையெல்லாம் இழுத்துச் சுருட்டிக்கொண்டு வந்து கொட்டகையில் எறிந்தான். ஐஸில் போட்ட துவாரங்கள் அவன் பார்க்கப் பார்க்க மூடிக்கொண்டன.

கோர்னியும் பெர்சிஸும் வந்தது அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து. வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு வருவார்கள். கோர்னி வழக்கம்போலப் பின்பக்கமாகப் போய்ப் பரணில் வைக்க வேண்டியதை வைத்துவிட்டு, முன்பக்கமாக உள்ளே வந்தான்.

“என்ன மாப்ளே, குட்டைல டீக்கரண்டி தொலைஞ்சு போச்சா? ஒரு துவாரத்தையும் காணோம்” என்றான்.

எப்ராயிம் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கோர்னிக்கு அது புதிது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பெர்சிஸ் நேரே அலறுகிற பிள்ளையைத் தூக்கினாள். தூக்கினவள் மருமகளின் நனைந்த சட்டையைப் பார்த்தாள்.

“என்னடி இது, பால் வழியுது, பிள்ளை அழுவுது?”

“வெஷம் அத்தை” என்றாள் லிடியா. அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள். ஹில்டா சொன்னதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள். சின்ன மீனில் ஒன்றும் இல்லையாம், அந்த நீள மீன்களில்தான் அவ்வளவும் இருந்ததாம், ஒவ்வொன்றும் கை நீளமாம், எந்த மீனை என்றைக்குத் தின்றேன் என்று எனக்கென்ன தெரியும் என்றாள்.

கை நீளம் என்றதும் கோர்னி நிமிர்ந்தான். கை நீளத்துக்கு வாத்து ஏரியில் லோஷ் கிடையாது. அது அவனுக்கும் தெரியும், எப்ராயிமுக்கும் தெரியும். இருபது வருஷமாக அதைச் சொல்லித்தான் இருவரும் ஒருத்தரை ஒருத்தர் கிண்டியிருக்கிறார்கள். ஆனால் பரணில் ஏறிய மீனைப் பிரித்துப் பார்க்க எப்ராயிமின் புத்திக்குப் பழக்கமே இல்லை. கோர்னியின் புத்திக்கும்தான், இருந்தாலும் கொடுத்தவன் கைக்குத் தான் கொடுத்தது ஞாபகம் இருக்குமே. அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பரணடியில் வெகு நேரம் நின்றான். பெர்சிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. கூப்பிடவில்லை.

உள்ளே வந்தவன் எப்ராயிமைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துப் பேசினான்.

“அந்த நீள மீனெல்லாம் நான் வெச்சது.”

எப்ராயிம் எழுந்துவிட்டான். அவன் காதில் முதலில் விழுந்தது மீன் இல்லை, சொல்லிக்காட்டினது. தன் அப்பன் தானியேல் காலத்திலிருந்து அந்த வீட்டுக்குள் யாரும் சொல்லாத வார்த்தை. முகமெல்லாம் கறுத்துப்போனது.

“என்ன சொன்னீங்க?”

“காதுல விழுந்தது சரிதான். நான் பிடிச்சது, என் ஏரி மீன், நான் கொண்டாந்து வெச்சேன். வேணும்னா இன்னொரு தடவ சொல்றேன். போன வருஷமும் வெச்சேன், இன்னிக்கும் வெச்சிருக்கேன். நான் குடுத்தது மாப்ளே. உன்னது இல்ல.”

“வாய மூடுங்க மச்சான்.”

“மூடறேன். அதுக்கு முன்ன கணக்குப் போட்டுப் பாரு. ஒன் குட்டைல பிடிச்ச குட்டி மீனு எது, அதுல என்ன இருந்துச்சுன்னு அந்தப் பொண்ணு சொன்னா?”

எப்ராயிம் மறுபடியும் உட்கார்ந்தான். ஒன்றுமே இல்லை என்றுதான் ஹில்டா சொன்னாள்.

பெர்சிஸ் பிள்ளையை லிடியாவின் மடியில் வைத்து, “நீ இந்த வருஷம் தின்னது யார் ஏரி மீன்டி?” என்று கேட்டாள்.

லிடியா யோசித்தாள். இந்தக் குளிருக்கு மாமா இன்றைக்குத்தான் வந்திருக்கிறார். போன குளிரில் வந்த நீள மீன்களையோ அப்பா விருந்தாளிக்கு என்று ஒன்று விடாமல் பொறுக்கிக் கொடுத்துவிட்டார். தனக்கு மிஞ்சியது குட்டி மீன்தான் என்று அப்போது அவளே முணுமுணுத்திருக்கிறாள். அவள் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். பிள்ளை இத்தனை நாள் பட்டினியும் கோபமுமாகக் கவ்விக்கொண்டு குடித்தது. அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. ஆண்கள் இருவரும் வெளியே போய் நின்றார்கள்.

அன்றைக்கே நால்வரும் பிள்ளையோடு, பள்ளிக்கூடத்து அறையில் தங்கியிருந்த ஹில்டாவிடம் போனார்கள். கோர்னி மறுபடியும் ஒரு தடவை, அந்நியப் பெண் முன்னால் சொல்லிக்காட்ட வேண்டியிருந்தது. சொல்லும்போது கழுத்தெல்லாம் சிவந்தது. ஹில்டா அதைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு ஏரி மீன் ஒரே பையில் இருந்தால் தனக்குப் புரியாமல் போனது நியாயம்தான், தான்தான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்றாள். ஆழமான ஏரியில் லோஷ் மற்ற மீன்களைத் தின்று வெகு காலம் உயிரோடு இருக்கும், விஷமும் சேரும். சின்ன ஏரியில் புழுவும் நத்தையும்தான் தீனி, அதனால் சேராது. அப்படித்தான் இருக்க வேண்டும், ஆனாலும் சோதிக்காமல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னாள்.

மறுநாள் எல்லோரும் வாத்து ஏரிக்குப் போனார்கள். எப்ராயிம் கட்டைக் கடப்பாரையால் துவாரங்களைத் திறந்தான். ஹில்டா பக்கத்தில் குந்தியிருந்து, தண்ணீரிலிருந்து வந்த ஒவ்வொரு மீனையும் தன் கையாலேயே கழற்றினாள். எல்லாமே முழங்கை நீளத்துக்குக் குறைவு. கோர்னி பக்கத்தில் நின்றும் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அதுதான் எப்ராயிமை என்னவோ செய்தது.

பதில் வருவதற்குள் குளிர்காலம் பாதி கழிந்துவிட்டது. ஒரு நாள் கடையில் போன் வந்திருக்கிறது என்று ஆள் வந்து கூப்பிட்டார்கள். லிடியாதான் ஓடினாள். ஹில்டாவின் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. வாத்து ஏரி மீன் சுத்தம். பெயருக்கு ஏதோ கொஞ்சம். பால் கொடுக்கிறவள் வாரக்கணக்கில் தின்றாலும் பயமில்லை. லிடியா போனை வைத்துவிட்டு, கடைக்காரனிடம் ஒன்றும் சொல்லாமல், குளிரில் கோட்டைக்கூடப் போடாமல் வீட்டுக்கு வந்தாள். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது எப்ராயிமுக்கு. கட்டிலில் போய்ப் படுத்தான். நடுப்பகலில் படுத்தவன் மறுநாள் காலைதான் எழுந்தான். எழுந்ததும் சட்டி வைத்தான்.

நெடிய ஏரிக்கும் தனியாகச் சோதனை நடந்தது. சதை சாப்பிடலாம், பெரிய லோஷின் ஈரல் மட்டும் பெண்டு பிள்ளைகளுக்கு ஆகாது என்று முடிவானது. பெர்சிஸ் தன் சட்டியை நிறுத்திவிட்டாள். கோர்னி மட்டும், நான் இனிமேல் பிள்ளை பெறப் போவதில்லை என்று சொல்லி எப்போதாவது ஒரு துண்டு தின்கிறான். அடுத்த குளிர் வந்தபோது அவன் மகள் மாசமாக இருந்தாள். அவள் வாய்க்கு மட்டும் ஈரல் கிடைக்காமல் போயிற்று.

அந்தக் குளிரில்தான், இருபது வருஷத்தில் முதல் தடவையாக, எப்ராயிம் நெடிய ஏரிக்கு மீன் ஏற்றிக்கொண்டு போனான். இருட்டுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தான். வண்டியைத் தள்ளியே நிறுத்தி, வீட்டுக்குப் பின்னால் நடந்துபோய்க் கோர்னியின் பரணில் தன் குட்டி மீன்களை அடுக்கினான். அங்கே கிடந்த ராட்சச மீன்களுக்கு நடுவில் அவை சுள்ளி மாதிரி தெரிந்தன. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போனான்.

காலையில் பெர்சிஸ் அடுப்பில் எதையோ மசித்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் பழத்தின் புளிப்பு வாசனை வந்தது. அவள் மகள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மேஜையில் வந்து உட்கார்ந்து, கரண்டியோடு காத்திருந்தாள். கோர்னி பின்பக்கமிருந்து உள்ளே வந்தான். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த கேலியெல்லாம் தொண்டையில் வந்து நின்றது. வழக்கமோ பேசக் கூடாது என்றது. பூட்ஸைக் கழற்றினான், மாட்டினான், மறுபடியும் கழற்றினான்.

“ராத்திரி ஏதோ எலி வந்திருக்கு மாப்ளே” என்றான் கடைசியில். “தன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக வேண்டியதை மறந்துபோய் என் பரண்ல வெச்சுட்டுப் போயிருக்கு.”

எப்ராயிம் டீயை ஊதினான்.

“பெரிய எலியா மச்சான்?”

“எங்க, டீக்கரண்டி அளவுதான்” என்று சொல்லிவிட்டு, கோர்னி தன் மகளின் தட்டைத் தானே எடுத்துப் போய் அடுப்படியில் நீட்டினான்.